எரிவாயு இணைப்பு: தடை எதற்கு?

‘புதிதாகக் கட்டும் வீடுகளில் சமையல் எரிவாயு இணைப்புக்குத் தடை.’ வெளிநாடுகளில் இப்படித் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் தமிழில் மொழிபெயர்த்து எழுதுவது இதே வரிதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் இதைப் படித்துவிட்டு, “நம்ம சிலிண்டரையும் நிறுத்திடுவாங்களாப்பா?” என்று கேட்டார். தப்பு அவர் மேல் இல்லை, எழுதியவர் மேல்தான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் காஸ் கனெக்‌ஷன் என்றால் ஏஜென்சியில் டெபாசிட் கட்டி, ரெகுலேட்டரும் 14.2 கிலோ சிலிண்டரும் வாங்குவது. அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். செய்தியில் வருவதோ தெருவுக்கு அடியில் ஓடும் குழாய். அதில் பெரும்பங்கு மீத்தேன். நெதர்லாந்து 2018 ஜூலையிலிருந்து புதுக் கட்டடங்களுக்கு அந்தக் குழாயை இழுப்பதை நிறுத்தியது. அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 2019-இல் தடை கொண்டுவந்தது. உணவகக்காரர்கள் வழக்குப் போட, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த ஊர்களில் வெந்நீருக்கும், குளிரில் வீட்டைச் சூடாக்குவதற்கும் அதே குழாய்தான். அப்புறம் ‘சமையல்’ என்று எழுதினால் விஷயத்தில் பாதி போய்விடுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘எரிவாயு’வில் வாயு வடசொல்.

வடசொல் என்பதால் ‘எரிவளி’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார்கள் தனித்தமிழ் நண்பர்கள். வளி அருமையான சொல். குறளில் நோய்க்குக் காரணமான மூன்றில் முதலில் நிற்பது அதுதான். பள்ளிக்கூடத்து வளிமண்டலமும் அதுதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் வளி என்றாலே வீசுகிற காற்று மனதில் வருகிறது. சிலிண்டருக்குள் அடைத்து வைத்தது வருவதில்லை. போகட்டும், பழகினால் வரும் என்றே வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பேச்சில் ‘வழி’யே ‘வளி’ ஆகிவிடுகிறதே! ‘குழாய்வழி எரிவளி’ என்று வானொலியில் வாசித்தால் யாருக்கு விளங்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, எரிவளி என்று மாற்றினாலும் சிலிண்டரும் குழாயும் ஒரே பெயரில்தான் கிடக்கின்றன. பெரியம்மாவின் சந்தேகம் அப்படியே நிற்கிறது. வடசொல்லை விரட்டுவதில் காட்டும் அக்கறையை, இரண்டு வேறு பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பதில் காட்டலாமே.

பிரித்துச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். மீத்தேன் லேசு, மேலே ஏறும்.

என் கணக்கில், அந்தச் செய்திகளில் வருவது ‘குழாய் எரிவாயு’. அது என்ன என்று கேட்பவருக்கு மீத்தேன் என்று சொன்னால் போதும். காவிரி டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கம் அந்தச் சொல் தெரியாத விவசாயி கிடையாது. மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் அது எட்டவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிறார்கள்; படிக்கிறவர் வீட்டில் அந்தச் சொல் எதைக் குறிக்கும் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. ‘இணைப்புக்குத் தடை’ என்பதிலும் அதே அவசரம். ஏற்கெனவே இருக்கும் இணைப்பைப் பிடுங்குகிறார்கள் என்று தொனிக்கிறது. ‘புது வீடுகளுக்கு இனி எரிவாயுக் குழாய் இழுக்க மாட்டார்கள்’ என்று எழுதினால் பெரியம்மாவுக்கும் விளங்கும், தமிழுக்கும் ஒரு குறையும் வராது.