வலி மாத்திரைக்கு வாடை கிடையாது

குடித்தவனை வாடை காட்டிக்கொடுக்கும், கஞ்சாவும் அப்படித்தான். டாபென்டடால், டிராமடால் என்ற அபின் வகை வலி மாத்திரைகளுக்கு அந்த வசதி இல்லை. கையில் சீழ்க்கட்டி வந்த பிறகே பல வீடுகளுக்குத் தெரிகிறது. டிராமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது, டாபென்டடால் புழக்கம் கூடியது. பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரை செய்யும்போது சேர்க்கும் டால்க் போன்றவை கரையாது. அந்தத் துகள்கள் ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலில் தங்கும். ஊசியோடு போகும் கிருமி இதய வால்வைப் பிடிக்கலாம்.

மங்கலான வெளிச்சத்திலும் கண்மணி குண்டூசித் தலையளவு இருக்கிறதா, பேச்சின் நடுவே தலை தொங்குகிறதா, ஓயாத மலச்சிக்கலா, கோடையிலும் முழுக்கைச் சட்டையா என்று பாருங்கள். மாத்திரை கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழ். கடைசியாக எடுத்த 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், புல்லரிப்பு, கால் குடைச்சல், பேதி. வைரஸ் காய்ச்சல் என்று இதற்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்புபவர்கள் ஏராளம். திடீர் வலிப்போடு வரும் இளைஞரிடம் டிராமடால் பற்றியும் கேட்க வேண்டும். கடையில் விற்கும் மார்ஃபின் சிறுநீர்ப் பட்டையை நம்ப வேண்டாம். இந்த இரண்டையும் அது பொதுவாகக் காட்டாது.

சிகிச்சையின் முதுகெலும்பு பியூப்ரினார்ஃபின் என்ற மாற்று மாத்திரை. இதில் அவசரப்பட்டால் கெட்டது. கொட்டாவி, புல்லரிப்பு, பேதி என்று மேலே சொன்ன, மருந்து கிடைக்காத நாளின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. உடலில் பழைய மருந்து மிச்சமிருக்கும்போது கொடுத்தால், அதை மூளையின் ஏற்பிகளிலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பியூப்ரினார்ஃபினின் விளைவோ பாதிதான். நோயாளி ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே துடிப்பார். “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது” என்று போனவர் திரும்புவது அரிது. வழக்கமாக 2 மி.கி.யில் தொடக்கம், நாக்கின் அடியில் 5–10 நிமிடம், தண்ணீர் கூடாது. விழுங்கினால் கல்லீரலிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஓரிரு மணி நேரம் பார்த்து அடுத்தது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 16 மி.கி.யில் நிலைக்கும்.

எத்தனை நாள் என்பார்கள். மாதங்கள், பலருக்கு வருடங்கள். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கோபப்படும் குடும்பம், மகனைப் பத்து நாள் மையத்தில் அடைத்துவிட்டு மருந்தில்லாமல் கூட்டிப்போகும். சிகிச்சை தரும் எங்கள் பயமே அப்போதுதான். உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். மூச்சு நின்றுபோகும் ஆபத்து இந்த நாள்களில் மிக அதிகம். மதுவோ அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையோ சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், குறட்டை போல இழுப்பு என்றால் 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நின்றால் வாயோடு வாய் வைத்து 5 விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். உப்புத் தண்ணீர், பால், குளியல் எதுவும் வேண்டாம். அபின் வகை மருந்தை முறிக்கும் நாலாக்சோன் ஊசியில் கண் விழித்தாலும் மருத்துவமனையை விட்டு உடனே கிளம்பக் கூடாது. 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வேகம் தணியும், மாத்திரை உள்ளேயே இருக்கும்.

ஊசி போடுபவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஓஎஸ்டி (மாற்று மருந்து சிகிச்சை) மையங்களில் பியூப்ரினார்ஃபின் இலவசம். அருகில் என்ன வசதி என்று போதை மீட்பு உதவி எண் 14446-இல் கேட்கலாம்.