நல்ல மதிப்பெண் வாங்கும் பள்ளி மாவட்டத்துக்கு ஏன் பணம் போதவில்லை?

கலிஃபோர்னியாவில் சான் ரமோன், ஃப்ரீமான்ட் பக்கம் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், வீட்டு விலையோ எக்கச்சக்கம். அப்புறம் ஏன் பள்ளி நம்மிடம் நன்கொடை கேட்கிறது?

மதிப்பெண்ணைப் பார்த்து இங்கே பணம் வருவதில்லை. சொத்து வரி கூடினாலும் பெரும்பாலான மாவட்டங்களில் அந்த அளவுக்கு மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். பாலோ ஆல்டோ போன்ற சில மாவட்டங்கள்தான் விதிவிலக்கு. மொத்தத் தொகையை முடிவுசெய்வது, ஜெர்ரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது 2013-ல் வந்த எல்.சி.எஃப்.எஃப். என்ற பள்ளி நிதிப் பங்கீட்டுக் கணக்கு.

இதில் ஒவ்வொரு மாணவருக்கும் வகுப்புக்கு ஏற்ற அடிப்படைத் தொகை உண்டு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளை, ஃபாஸ்டர் பராமரிப்பில் (பெற்றோரைப் பிரிந்து அரசு ஏற்பாட்டில்) வளரும் பிள்ளை என்றால் அதில் 20% கூடுதல். ஒரு பிள்ளை இரண்டு வகையில் வந்தாலும் ஒருமுறைதான் எண்ணுவார்கள். இவர்கள் மாவட்டத்தில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மேலும் 65% (2021 வரை அது 50%).

கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தகைய பிள்ளைகள் 20% உள்ள மாவட்டத்துக்கு அடிப்படைக்கு மேல் 4% கிடைக்கும். 80% உள்ள மாவட்டத்துக்கு 16 சதவீதமும், தாண்டிய 25-க்காக 16.25 சதவீதமும், ஆக 32.25%. இது நியாயம்தான். டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. குறை, அடிப்படைத் தொகையே இழுபறியாக இருப்பதில் இருக்கிறது.

அடுத்தது வருகை. பெயர் பதிந்த எண்ணிக்கைக்கு அல்ல, தினசரி சராசரி வருகைக்குத்தான் பணம். காய்ச்சல் என்று லெட்டர் கொடுத்தாலும் அந்த நாள் கணக்கில் வராது. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புவதாக இருந்தால், கிளம்பும் முன்பே பள்ளி அலுவலகத்தில் பள்ளிக்கு வராமலே பாடத்தை முடிக்கும் 'இண்டிபென்டன்ட் ஸ்டடி' பற்றிக் கேளுங்கள். பள்ளி ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பாடத்தையும் பிள்ளை முடித்தால் அந்த நாட்களுக்குப் பணம் வர வழியுண்டு.

2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம் என்பதால் வருமானப் படிவத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. தகுதியுள்ள குடும்பம் அதை நிரப்பாவிட்டால் அந்த 20 சதவீதமும் போய்விடக்கூடும். சேர்க்கையின்போது வரும் வீட்டுமொழிக் கேள்விகளுக்கும் உண்மையையே எழுதுங்கள். குழந்தை முதலில் பேசியது தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதலாம். 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் அதோடு சரி.

கூடுதல் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற எல்கேப் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-க்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் கட்டாயம். போகும் முன், பள்ளிகளின் நிலையை நிறங்களால் காட்டும் (சிவப்புதான் கடைசி) மாநிலத்தின் டேஷ்போர்டு இணையதளத்தைத் திறந்து, மாவட்டத்தின் எல்லா மாணவருக்குமான நிறத்தோடு நிற்காமல் ஒவ்வொரு மாணவர் பிரிவின் நிறத்தையும் பாருங்கள். மொத்தம் பச்சையாக இருக்கும் மாவட்டத்திலும் ஒரு பிரிவு சிவப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள்.