15 வாட்டுக்குள் ஸ்கைரிம்: கையடக்கக் கருவியில் மோட்கள் இயங்கும் விதம்

பெத்தெஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி வெளியிட்ட ஸ்கைரிம், பாத்திரமேற்பு விளையாட்டுகளிலேயே ரசிகர்களின் கை மிக அதிகமாகப் பட்ட விளையாட்டுகளுள் ஒன்று. புதிய ஊர்கள், புதிய ஆயுதங்கள், மேம்பட்ட மலைகளும் முகங்களும், பிழைத் திருத்தங்கள் என்று ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் இத்தகைய மாற்றங்களை மோட் என்கிறோம். மேசைக் கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இவற்றை இப்போது ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகளில் ஏற்றுகிறார்கள். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் அக்கருவியை வெளியிட்டபோது நேரடி விற்பனைப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. தனியாக இறக்குமதி செய்து விற்கும் கடைகளிடமிருந்தே இங்குள்ளவர்கள் அதை வாங்கினார்கள். வாங்கியவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை மோட் தாங்கும்?” என்பதுதான். எண்ணிக்கையை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. சில நூறு மோட்கள் சுமையே தெரியாமல் ஓடக்கூடும். ஒரே ஒரு மோட் கருவியை மூச்சுத் திணற வைக்கவும் கூடும். ஒரு மோட் நினைவகத்தைச் செலவழிக்கிறதா, கணக்குப் போடும் சில்லான சிபியுவின் நேரத்தையா, படம் வரையும் சில்லான ஜிபியுவின் மின்சாரத்தையா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

விளையாட்டு தன் உலகத்தை எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஸ்கைரிமில் ஒரு வாள், ஒரு கடைக்காரர், ஒரு கதவு என ஒவ்வொன்றும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் 32 பிட் அடையாள எண் உண்டு. அந்த எண்ணின் முதல் 8 பிட்டுகள் பதிவு எந்த பிளகினிலிருந்து, அதாவது பதிவுகளைத் தாங்கிய எந்தக் கோப்பிலிருந்து, வந்தது என்பதையும், மீதி 24 பிட்டுகள் அந்த பிளகினுக்குள் அது எது என்பதையும் குறிக்கின்றன. எட்டு பிட்டுகளில் 256 எண்களே அடங்கும். அவற்றுள் கடைசி எண் ஆட்டத்தின்போது புதிதாகப் பிறக்கும் பொருள்களுக்கும், அதற்கு முந்தையது ‘இலகு’ பிளகின்களுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால், முழு பிளகின்களுக்கு எஞ்சுவது 254 இடங்கள். இலகு பிளகின்கள் எல்லாம் அந்த ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றின் வரிசை எண்ணுக்கு மேலும் 12 பிட்டுகள் தரப்படுவதால் 4,096 வரை சேர்க்கலாம். ஆகவே 254 என்னும் எல்லை அடையாள எண்ணின் நீளத்தால் வந்தது. கருவியின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டு பிளகின்கள் ஒரே பதிவைத் தொட்டால், வரிசையில் பின்னால் வருவதே செல்லும், அதுவும் முழுப் பதிவாகச் செல்லும். ஒரு மோட் கடைக்காரரின் உடையை மாற்றுகிறது, வரிசையில் அதற்குப் பின்னால் நிற்கும் மற்றொன்று அவருடைய குரலை மட்டும் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மோட்டின் பதிவில் பழைய உடையும் எழுதப்பட்டிருக்கும். எனவே புதிய குரலில் பேசும் கடைக்காரர் பழைய சட்டையோடுதான் நிற்பார். மோட் வரிசையைப் பற்றி ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் வாதிடுவது இதனால்தான். ஆனால் இந்த வகை மாற்றங்கள் விளையாட்டைத் திறக்கும்போது சற்று நேரத்தை எடுத்துக்கொள்வதோடு சரி. ஒவ்வொரு பிரேமையும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், வரையும் வேலையில் அவற்றின் பங்கு மிகச் சொற்பம்.

அடுத்தது இயங்குதளம். ஸ்கைரிம் விண்டோசுக்காக எழுதப்பட்டது. ஸ்டீம் டெக்கில் இருப்பதோ ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். இடையில் நிற்பது, வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான். 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் திறந்த மூலத் திட்டத்தின் மேல் அது கட்டப்பட்டது. இது விண்டோஸ் கணினி ஒன்றை முழுமையாகப் போலி செய்வதில்லை. விளையாட்டின் இயந்திரக் கட்டளைகள் அதே சிபியுவில் நேரடியாகவே ஓடுகின்றன. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்த முக்கோணத்தை வரை’ என்று விளையாட்டு இயங்குதளத்திடம் கேட்கும் இடங்களில் மட்டும் லினக்ஸின் பதில் வந்து நிற்கிறது. ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பு பயன்படுத்தும் டைரக்ட்3டி 11 வரைகலைக் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்னும் அடுக்கு லினக்ஸிலும் இயங்கும் வல்கன் வரைகலைக் கட்டளைகளாக மாற்றித் தருகிறது.

மோட்களை நிறுவி வரிசைப்படுத்தும் நிரலான மோட் மேலாளர் இதன்மேல் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது. அவ்வகை நிரலான மோட் ஆர்கனைசர் 2 எதையும் விளையாட்டின் கோப்புறைக்குள் கொட்டுவதில்லை. ஒவ்வொரு மோட்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும் கணத்தில் குறுக்கிட்டு, சரியான கோப்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆக, கோப்புகள் இருக்கும் இடம், இயங்குதளம், வரைகலை மொழி ஆகிய மூன்றிலும் ஏமாற்றப்பட்டுக்கொண்டே ஸ்கைரிம் நிம்மதியாக ஓடுகிறது. இத்தனை அடுக்குகளுக்கிடையில் அது தடுமாறாமல் இருப்பதே எனக்கு வியப்பு.

தடுமாறும் இடங்களும் உண்டு. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது. ஸ்கைரிம் சிறப்புப் பதிப்புக்குரியது 489830 என்னும் எண்ணுள்ள கோப்புறையில் இருக்கும். மோட் மேலாளரை வேறொரு சி டிரைவுக்குள் இயக்கினால், அது எழுதும் பிளகின் பட்டியல் அங்கேயே கிடக்க, விளையாட்டு தன்னுடைய சி டிரைவைப் பார்த்துவிட்டு மோட் எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடும். இன்னொன்று எழுத்துகளின் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்புப் பெயரையும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரையும் விண்டோஸ் ஒன்றாகக் கருதும். லினக்ஸ் இயல்பாகவே இரண்டாகக் கருதும். வைன் கோப்புறை முழுவதையும் துழாவிப் பொருத்தமான பெயரைக் கண்டுபிடித்துத் தருகிறது என்றாலும், பல்லாயிரம் உதிரிக் கோப்புகள் உள்ள இடத்தில் அந்தத் துழாவலே தாமதமாகிவிடும். 2019இல் வந்த லினக்ஸ் 5.2 முதல், எழுத்தளவைப் பொருட்படுத்தாத கோப்புறைகளை அமைக்கும் வசதி ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் உண்டு.

எஸ்கேஎஸ்இ என்னும் துணை நிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டு நினைவகத்தில் ஏறியபின் அதன் உட்பகுதியில் குறிப்பிட்ட முகவரிகளைப் பிடித்து அது புதிய வசதிகளைப் புகுத்துகிறது. விளையாட்டின் பதிப்பு மாறினால் முகவரிகளும் மாறும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெத்தெஸ்டா புதுப்பிப்புகளை வெளியிட்டபோது, எஸ்கேஎஸ்இயை நம்பியிருந்த பல மோட்கள் ஒரே நாளில் படுத்துக்கொண்டது இதனால்தான்.

இனி உண்மையான செலவுகளுக்கு வருவோம். அவற்றுள் பெரியது டெக்ஸ்ச்சர், அதாவது பொருள்களின்மேல் போர்த்தப்படும் மேற்பரப்புப் படம். ‘4கே’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு சுவரின் படம் 4,096க்கு 4,096 புள்ளிகள் கொண்டது. மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 68 லட்சம் புள்ளிகள். ஸ்டீம் டெக்கின் திரையில் இருப்பவை 1,280க்கு 800, அதாவது 10 லட்சத்து 24 ஆயிரம் புள்ளிகள். அந்த ஒரு சுவரே திரையை முழுமையாக அடைத்துக்கொண்டு நின்றாலும், அதன் படத்தில் உள்ள புள்ளிகளில் பதினாறில் ஒரு பங்குக்குத்தான் திரையில் இடமிருக்கிறது. ஜிபியுவுக்கு இது தெரியும். ஒவ்வொரு டெக்ஸ்ச்சரோடும் பாதி, கால், அரைக்கால் அளவுகளில் சிறு நகல்கள் சேர்ந்தே வருகின்றன. தொலைவுக்குத் தகுந்த நகலை எடுத்துத்தான் ஜிபியு வரைகிறது. நாம் கூறிய சுவருக்கு 2,048 புள்ளி நகலுக்கும் 1,024 புள்ளி நகலுக்கும் இடைப்பட்டதே போதும். சுவரில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும்போது மட்டும் முழு அளவு தேவைப்படும்.

பயன்படாத அந்த முழு அளவுப் படமும் நினைவகத்தில் இடம்பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே சிக்கல். சுருக்கப்படாத 4கே படம் 64 மெகாபைட். இன்று வழக்கிலுள்ள பிசி7 சுருக்க முறையில், ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வீதம் அது 16 மெகாபைட்டாகும். சிறு நகல்களையும் சேர்த்தால் 21க்குச் சற்று அதிகம். மேடுபள்ளங்களைக் காட்டும் துணைப்படமும் அதே அளவில் வருவதால், ஒரு சுவருக்கு 43 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சுவரை 2கே அளவுக்குக் குறைத்தால் 11 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். மேசைக் கணினியின் வரைகலை அட்டைக்கு அதற்கென்றே தனி நினைவகம் இருக்கும். ஸ்டீம் டெக்கிலோ 16 கிகாபைட் நினைவகத்தை இயங்குதளம், விளையாட்டு, ஜிபியு மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகமும் குறைவு: முதலில் வந்த மாதிரியில் விநாடிக்கு 88 கிகாபைட், 12 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையில் 360 கிகாபைட். கையடக்கக் கருவிக்கு 4கே டெக்ஸ்ச்சர் தொகுப்பை இறக்குவது வெறும் வீண் என்பது என் கருத்து. தரைக்கும் மலைக்கும் 2கே, சட்டிபானைக்கும் கரண்டிக்கும் 1கே என்று வைத்தால் ஏழு அங்குலத் திரையில் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசர் போன்ற நிரல்கள் இந்தக் குறைப்பை மொத்தமாகச் செய்து தரும்.

டெக்ஸ்ச்சரைச் சரிசெய்தபின் எஞ்சுவது மின்சாரம். ஸ்டீம் டெக்கின் சிபியுவும் ஜிபியுவும் ஒரே சில்லில் உள்ளன. இரண்டுக்கும் சேர்த்தே உச்ச வரம்பு 15 வாட். ஒரு வீட்டுக்கு வரும் ஒரே சம்பளத்தைப் போல, ஒருவர் கூடுதலாக எடுத்தால் மற்றவருக்குக் குறையும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன், வெளிச்சத்தையும் நிழலையும் மெருகேற்றும் ஈஎன்பி ஷேடர் மோட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் வரும் வைட்ரன் நகரச் சந்தைக்குள் நுழைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். திரையின் மூலையில் ஓடிய அளவீட்டில் ஜிபியு உச்சத்தைத் தொட்டது. அடுத்த நொடியே சிபியுவின் கடிகார வேகம் சரிந்தது. சந்தையில் ஆள்கள் அதிகம். அவர்களை நடமாட வைப்பது சிபியு. வெளிச்சத்தை அழகாக்கிய மோட், ஆள்களின் நடையைத் தடுமாற வைத்துவிட்டது. அவன் குறை சொன்னதோ கூட்டத்தை அதிகரிக்கும் மோட்டை!

இதே கணக்கின் மறுபக்கம் சாதகமானது. சில்லின் மின் செலவு கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடிகிறது என்பதால், இழக்கும் வேகத்தைவிட மிச்சமாகும் மின்சாரம் விகிதத்தில் அதிகம். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் விநாடிக்கு 40 பிரேம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணில் பார்த்தால் 40 என்பது 30க்கு அருகில் இருக்கிறது. நேரத்தில் பார்த்தால் 30 பிரேமில் ஒவ்வொன்றும் 33.3 மில்லிவிநாடி, 60இல் 16.7, 40இல் 25. அதாவது 40 என்பது சரியாக நடுவில் இருக்கிறது. கண் உணர்வது இந்த இடைவெளியைத்தான்.

ஸ்கைரிமில் பிரேம் வேகத்தை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. அதன் ஹேவோக் இயற்பியல் கணக்கு விநாடிக்கு 60 பிரேம் என்னும் அடிப்படையில் அமைந்தது. அதைத் தாண்டினால் மேசைமீதுள்ள தட்டுகள் தாமாகவே துள்ளும். 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓலெட் மாதிரியின் திரை 90 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 90 முறை புதுப்பிக்கும், என்று மகிழ்ந்தவர்கள், வேகத்தை 60க்குள் கட்ட வேண்டும் அல்லது எஸ்எஸ்இ டிஸ்பிளே ட்வீக்ஸ் என்னும் மோட்டை நாட வேண்டும். வேகத்தை மிகவும் குறைப்பதிலும் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் உண்டு. மோட்களின் சிறு நிரல்கள் பாபிரஸ் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு ஒரு பிரேமுக்கு 1.2 மில்லிவிநாடி மட்டுமே ஒதுக்கும்படி விளையாட்டின் அமைப்புக் கோப்பில் இயல்பாக எழுதப்பட்டிருக்கிறது. 60 பிரேமில் அது விநாடிக்கு 72 மில்லிவிநாடி, 40இல் 48, 30இல் வெறும் 36. நூற்றுக்கணக்கான நிரல்கள் காத்திருக்கும்போது நேரம் பாதியாகக் குறைந்தால், எதிரி விழுந்து சில விநாடிகள் கழித்துத்தான் பரிசு கைக்கு வரும். ஆகவே நிரல்கள் மிகுந்த மோட் தொகுப்புக்கு 30 பிரேமைவிட 40 பிரேம் ஏற்றது. அதற்காக ஒரு ஷேடரைப் பலிகொடுத்தாலும் தகும்.

மின்கலத்தின் கணக்கு எளியது. முதல் மாதிரியில் 40 வாட்‑மணி இருக்கிறது; திரை, விசிறி எல்லாம் சேர்த்துக் கருவி 25 வாட் இழுத்தால் 1.6 மணி நேரம், 14 வாட்டுக்குள் அடக்கினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெப்பத்தின் கணக்கு சிங்கப்பூருக்கே உரியது. சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும் என்று வால்வ் கூறியிருக்கிறது. சில்லு 100 டிகிரியை எட்டும்போது வேகத் தடை விழும், 105இல் கருவி அணைந்துவிடும். 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. வழக்கமான பிற்பகல்களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 33 டிகிரி இருக்கும் என்று கொள்வோம். விசிறி ஒரே வேகத்தில் சுழன்றால், சில்லுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்பவே வெப்பம் வெளியேறும். சில்லு 85 டிகிரியில் இருக்கும்போது குளிரூட்டிய 24 டிகிரி அறையில் அந்த வேறுபாடு 61. கீழ்த்தளத்தில் 52, அதாவது ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. ஈஎன்பியை எடுத்துவிட்டு மின் வரம்பை 15 வாட்டிலிருந்து 12 வாட்டுக்கு இறக்கினால், சில்லில் உருவாகும் வெப்பமே 20 விழுக்காடு குறைகிறது. கீழ்த்தளத்துப் புழுக்கத்தில் இழந்ததை ஈடுகட்ட அது போதும்.