சொல் விளக்கம்: ஐஆர் பிளாஸ்டர் – அகச்சிவப்பு வீசி

ஆன்லைன் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் ‘அகச்சிவப்பு வெடிப்பான்’ என்று ஒரு சரக்கு விற்கிறது. டிவி, ஏசி, செட் டாப் பாக்ஸ் ரிமோட்டுகளின் வேலையை மொபைலிலிருந்தே செய்ய உதவும் கறுப்பு டப்பாவுக்கு, அதாவது ஐஆர் பிளாஸ்டருக்குச் சூட்டிய பெயராம் அது. 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரில் ஓடுகிற பொருளில் வெடிக்க என்ன இருக்கிறது?

‘பிளாஸ்ட்’ பழைய ஆங்கிலத்தில் பலத்த காற்று வீச்சு. வெடி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. ‘இன்ஃப்ரா’ லத்தீனில் ‘கீழே’. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பைத் தாண்டிய இருட்டில் வெப்பமானியை வைத்தபோது சூடு ஏறியது. சிவப்புக்கு வெளியே கிடப்பதை நாம் ‘அகச்சிவப்பு’ என்று உள்ளே தள்ளிவிட்டோம். ‘செங்கீழ்’ என்ற வழக்குதான் பொருளுக்கு நெருக்கம். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்து ஊறிய சொல்லை இனிப் பிடுங்க வேண்டாம். நம் புகார் ‘பிளாஸ்டர்’ என்ற சொல்லின் மேல்தான்.

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். தமிழில் எழுதினால் அதுவும் ‘பிளாஸ்டர்’, காயத்துக்கு ஒட்டுவதும் ‘பிளாஸ்டர்’, சுவருக்குப் பூசுவதும் ‘பிளாஸ்டர்’. தண்டையார்பேட்டையில் பிளாஸ்டர் கேட்டால் மெடிக்கல் ஷாப்புக்கோ கொத்தனாரிடமோதான் அனுப்புவார்கள்.

கடைக்காரர் வாயில் புழங்குவது ‘வைஃபை ரிமோட்’. நல்ல, லேசான பெயர். கெடுதலும் அதிலேதான் இருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கியவர், வைஃபை சுவரைத் தாண்டுமே என்று ஹாலில் ரூட்டர் பக்கத்தில் டப்பாவை வைத்துவிட்டு, உள்ளறை ஏசி கேட்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார். மொபைலுக்கும் டப்பாவுக்கும் நடுவில்தான் வைஃபை, அதுவும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். டப்பாவிலிருந்து ஏசிக்குப் போவது ஒளி. சுமார் 940 நானோமீட்டர் அலைநீளத்தில், பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்கு 38,000 முறை துடிக்கும் ஒளி. செங்கல்லைத் தாண்டாது, மர அலமாரிக் கதவைத் தாண்டாது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கோத்த நீள வீடுகளில் அறைக்கு ஒன்று வேண்டும். இது ஒளி என்பதைச் சொல்லாத எந்தப் பெயரும் வாங்குகிறவரைத் தப்பான மூலைக்கே அனுப்பும்.

‘கதிர்வீச்சுக் கருவி’ என்று விளக்கத் தாளில் அச்சடிப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கதிர்வீச்சு என்றால் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அதைப் படித்த பிறகு எந்தப் பாட்டி கட்டில் பக்கத்தில் வைக்க விடுவார்?

மற்றவை கிடக்கட்டும். படித்தவர்கள் தூக்கிப் பிடிக்கும் ‘அகச்சிவப்பு உமிழி’யோடுதான் உண்மையான தகராறு. இலக்கணம் சுத்தம், ஒலி சுத்தம், எல்இடியை ‘ஒளி உமிழ் இருமுனையம்’ என்று சொல்லும் மரபும் துணைக்கு இருக்கிறது. அந்த மரபே இதற்கு எதிர்ச்சாட்சி. உமிழி என்பது உள்ளே இருக்கும் சின்ன எல்இடிக்கு உரிய பெயர். போதாததற்கு, செட் டாப் பாக்ஸின் கண்ணுக்கு நேராக ஒட்டும் ஒயர் நுனி மொட்டு ஒன்று தனியாகவே விற்கிறது. ஆங்கிலத்தில் அதுதான் ‘எமிட்டர்’. ஒட்டிய கருவிக்கு மட்டும் அது பேசும். பிளாஸ்டர் அறை முழுக்கப் பேசும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எதை வாங்குவது?

சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. 940 நானோமீட்டர் எல்இடியை ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை சிப் பலகையின் இணைப்பு முனையில் நேராக மாட்டினால் 12 மில்லிஆம்புக்கு மேல் இழுக்கக் கூடாது. அதில் வரும் ஒளி கைக்கெட்டும் தூரத்தோடு அடங்கிவிடும். நடுவே மின்னோட்டத்தைக் கூட்ட ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், 5 வோல்ட்டிலிருந்து 47 ஓம் ரெசிஸ்டர் போட்டால் துடிப்புக்குச் சுமார் 70 மில்லிஆம்ப் பாயும். அப்படி இரண்டு மூன்று எல்இடியைத் திசைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தால் அறையே நனையும். அப்போதுதான் அது பிளாஸ்டர். சில மொபைல்களின் தலையில் இருக்கும் ஐஆரையும் பிளாஸ்டர் என்றே விற்கிறார்கள். நேராக நீட்டினால்தான் வேலை செய்யும் அதற்கு உமிழி என்ற பெயரே சரி.

ஆகவே ‘அகச்சிவப்பு வீசி’. காற்று வீசும், ஒளி வீசும், காசிமேட்டில் வலையும் வீசுவார்கள். வலையைப் போலவே இதுவும் அகலமாகப் போய் விழும். எது சிக்கியது என்று விழும்போது தெரியாது. இந்தக் கருவியின் பெரிய குறையும் அதுதான். ஆப்பில் ஏசி ஓடுகிறது என்று காட்டும். திரைச்சீலை மறைத்து ஏசிக்குக் குறி (சிக்னல்) எட்டாமல் போயிருந்தாலும் அப்படியேதான் காட்டும். டிவியின் நிலைமை இன்னும் மோசம்: அணைக்கவும் போடவும் பெரும்பாலும் ஒரே பவர் குறி என்பதால், ஒரு தடவை தவறினால் அதன்பின் எல்லாம் தலைகீழ்.

‘வீசி’ வினையெச்சம்போல் இருக்கிறதே, ‘வீசி எறிந்தான்’ என்பதில் வருவதல்லவா என்று ஆட்சேபிக்கலாம். ‘மின்கடத்தி’யில் வரும் ‘கடத்தி’யும் அப்படித்தான், யாரும் குழம்பவில்லை. ‘விசிறி’யோடு குழம்பும் என்பதற்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. முன்னால் ‘அகச்சிவப்பு’ நிற்கும்வரை பயமில்லை. ‘ஏவி’யையும் நிறுத்துப் பார்க்கலாம், ஏவல் என்றால் கட்டளை, பொருத்தம்தான். ஆனால் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை ஏவுகணைக்கு எழுதிக்கொடுத்துவிட்டன.

மொழிபெயர்ப்பவர்கள் டப்பாவை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் வெடிப்பானே பிறந்திருக்காது. டப்பாவை இயக்கும் ஆப்பில் யுனிவர்சல் ரிமோட் ‘பிரபஞ்ச ரிமோட்’ ஆகிறது; பல கருவிகளை ஒரே தட்டில் இயக்கும் ‘சீன்’ என்பது ‘காட்சி’ ஆகி, ‘இரவுக் காட்சியை இயக்கு’ என்று தியேட்டர்போல் கேட்கிறது. பழைய ரிமோட்டின் குறியை டப்பாவுக்குக் காட்டிப் பதிய வைக்கும் இடத்தில் ‘கற்றல் முறை’ என்று இருக்கிறது. யார் கற்பது? ‘ரிமோட்டைப் பதிவு செய்’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

அங்கே விளக்க வேண்டியதை விளக்குவதும் இல்லை. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் 24 டிகிரி, கூல், ஃபேன் வேகம், ஸ்விங் எல்லாவற்றையும் சேர்த்து முழு நிலையாக அனுப்பும். பட்டன் பட்டனாகப் பதிந்தால் 24க்கு ஒன்று, 25க்கு ஒன்று என்று நீண்டுகொண்டே போகும். ஆப்பின் பட்டியலில் உங்கள் ஏசி மாடல் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்ப்பது அதனால்தான். உங்கள் ரிமோட் அகச்சிவப்பு ரகம்தானா என்று அறிய, அதன் முனையை மொபைல் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். ஊதா கலந்த வெள்ளையாக மின்னினால் அகச்சிவப்பு. பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். சில பின்கேமராக்களில் வடிகட்டி மறைத்துவிடும். இரண்டிலும் மின்னாவிட்டால், பேட்டரியும் நன்றாக இருந்தால், அது ப்ளூடூத் ரிமோட்டாகவோ 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டாகவோ இருக்கும். சில ஃபேன் ரிமோட்டுகள் இந்த ரகம். 433க்கு ரேடியோவும் சேர்ந்த மாடல் வேண்டும், ப்ளூடூத்துக்கு அதுவும் உதவாது.