‘லோட் ஆவரேஜ்’ என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது

சர்வர் மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், லினக்ஸ் பக்கம் வேலை செய்பவர்கள் முதலில் தட்டுவது ‘அப்டைம்’ அல்லது ‘டாப்’ என்ற கட்டளை. இரண்டிலும் ஒரு வரியின் கடைசியில் 4.12, 3.80, 2.05 என்பது போல மூன்று எண்கள் வரும். அவைதான் லோட் ஆவரேஜ். முதலாவது 1 நிமிடத்துக்கு, அடுத்தது 5, அடுத்தது 15 என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். ‘லோடு நாலைத் தாண்டிருச்சு’ என்று பேசிக்கொள்வோம். ஆனால் அந்த நாலு எதனுடைய நாலு, சதவீதமா, நொடியா, கோரா என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள்.

அது வெறும் தலை எண்ணிக்கை. சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களையும் (இயக்கப்பட்ட நிரல்களையும்), ஓடத் தயாராகி வரிசையில் நிற்பவற்றையும் சேர்த்து எண்ணினால் வருவது. ரயில் நிலையத்தில் நாலு டிக்கெட் கவுண்டர், நாலு பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள் என்றால் லோடு 10. கவுண்டர்தான் கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. ஆகவே 4 கோர் இயந்திரத்தில் 10 என்பது நெரிசல், அதே 10 ஒரு 32 கோர் இயந்திரத்தில் வந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கோர் எண்ணிக்கை தெரியாமல் லோடு மட்டும் தெரிந்து பயனில்லை. கண்டெய்னருக்குள் (ஒரே இயந்திரத்தில் நிரல்களைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டிக்குள்) இருந்து பார்த்தால் இன்னும் குழப்பம், பெரும்பாலும் அங்கே தெரிவது கண்டெய்னரின் லோடு அல்ல, அதைத் தாங்கும் முழு இயந்திரத்தின் லோடு.

இந்தச் சொல் லினக்ஸை விட மிகப் பழையது, யூனிக்ஸில் பிறந்ததும் இல்லை. பிடிபி-10 கணினிக்காக அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனம் உருவாக்கிய டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் இது இருந்தது. 1973-இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்து ஆர்எஃப்சி 546 என்ற தொழில்நுட்ப ஆவணம், அந்த ஆண்டு ஜூலை மாதத்து டெனெக்ஸ் லோட் ஆவரேஜ்களைப் பற்றியே எழுதப்பட்டது. அதில் தரப்பட்ட விளக்கம் இன்றைக்கும் தெளிவானது: ஒரே சிபியு உள்ள கணினியில் ஒரு மணி நேர லோட் ஆவரேஜ் 10 என்றால், அந்த மணிக்குள் எப்போது எட்டிப் பார்த்தாலும் ஒன்று ஓடிக்கொண்டும் ஒன்பது சிபியுவுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். டிஸ்க் போன்றவற்றுக்காக முடங்கிக் கிடப்பவை இந்த ஒன்பதில் சேராது என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்கள்.

லினக்ஸ் இதைத்தான் மாற்றியது. 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பிய ஒரு சிறு திருத்தம், டிஸ்க்குக்காகக் குறுக்கிட முடியாத நிலையில் காத்திருக்கும் புராசஸ்களையும் எண்ணிக்கையில் சேர்த்தது. அவையும் கணினியின் வளத்தைத் தின்கின்றனவே என்பது அவர் வாதம். ‘டாப்’ பட்டியலில் ‘டி’ என்ற எழுத்தோடு நிற்பவை இவைதான். அதனால்தான் வலையமைப்பு வழியாகக் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்று பதில் சொல்லாமல் தொங்கினால் லோடு 80, 100 என்று ஏறும், சிபியுவோ ஏறக்குறைய சும்மா கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் சிபியு போதவில்லை என்று நினைத்து பெரிய இயந்திரம் கேட்பார், அதைக் கொடுத்தாலும் ஒன்றும் மாறாது. எனவே லினக்ஸில் லோடு என்பது சிபியு சுமை அல்ல, சிபியுவும் டிஸ்க்கும் கலந்த ஒரு சாம்பார் எண். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதைக் கணக்கிடும் கோப்பின் தலைப்பிலேயே, இது ஒரு அசட்டு எண், ஆனாலும் மக்கள் இதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிரல் குறிப்பு அது.

சரி, ஆவரேஜாவது ஆவரேஜா? அதுவும் இல்லை. கெர்னல் ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை தலைகளை எண்ணும். 1 நிமிட எண்ணுக்கு, பழைய மதிப்பை 0.92-ஆலும் புதிய எண்ணிக்கையை 0.08-ஆலும் பெருக்கிக் கூட்டும், அவ்வளவுதான். 60 நொடிக் கணக்கைச் சேர்த்து வைத்து வகுப்பதெல்லாம் கிடையாது. பழைய கணக்கு தேய்ந்துகொண்டே போகுமே தவிர முழுக்க அழியாது. சும்மா கிடந்த ஒரு கணினியில் ஒரே ஒரு புராசஸை விடாமல் ஓட்டினால், சரியாக ஒரு நிமிடம் கழித்து 1.00 வரும் என்றுதானே நினைப்போம்? 0.63 அளவில்தான் இருக்கும். 5 நிமிட எண் 0.18, 15 நிமிட எண் 0.06. அந்த புராசஸை நிறுத்தி ஒரு நிமிடம் ஆன பிறகும் 1 நிமிட எண்ணில் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சொற்களின் பூர்வீகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘லோட்’ பழைய ஆங்கிலத்தில் ‘லாட்’, வழி, பயணம், சுமந்து செல்வது என்ற பொருள்களில் இருந்த சொல். சுமை என்ற பொருள் பிறகு வந்து உட்கார்ந்தது. ‘ஆவரேஜ்’ இதைவிடச் சுவையானது. அரபியில் சேதமடைந்த சரக்கைக் குறித்த ‘அவார்’ என்ற சொல் மத்தியதரைக்கடல் வணிகர்கள் வழியாக இத்தாலியில் ‘அவரியா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் வீசினால், அந்த நட்டத்தை எல்லா வணிகர்களும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வார்கள். அந்தப் பகிர்விலிருந்துதான் கணக்குப் பாடத்து ஆவரேஜ் வந்தது. கப்பல் சட்டத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: 2021-இல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் கப்பலின் உரிமையாளர்கள் அறிவித்தது ‘ஜெனரல் ஆவரேஜ்’தான்.

தமிழில் ‘லோடு’ ஏற்கெனவே நம் சொல்லாகிவிட்டது. ஒரு லோடு மணல், லோடு ஏற்றுகிற ஆள் என்று சொல்பவர் யாரும் ஆங்கிலம் பேசுவதாக நினைப்பதில்லை. எழுத்தில் சுமை, பாரம், பளு மூன்றும் இருக்கின்றன. பாரம் என்றால் மனபாரம் நினைவுக்கு வருகிறது, பளு என்றால் பளுதூக்குதல். சுமைதான் நிற்கிறது. சராசரியைத் தூய தமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாரசீகம், ‘சராசர்’ என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. கன்னடத்திலும் மராத்தியிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது.

பாரசீகம் வேண்டாம் என்பவர்கள் ‘சுமை நிரவல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். நிரவுவது என்றால் மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவது. மேலே சொன்ன 0.92 கணக்கு செய்வதும் அதைத்தான், அந்த வகையில் சராசரியைவிட இதுவே பொருத்தம். (கச்சேரியில் பாடுகிற நிரவல் வேறு சங்கதி.) ஆனால் ஒரு சிக்கல்: சுமை நிரவல் என்று படிக்கிறவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சிங் என்றே புரிந்துகொள்வார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் ஆவணத்தில் இது ஆபத்து. அதனால் என் கட்சி ‘சுமைச் சராசரி’தான், முதல் முறை வரும்போது ‘ஓடுபவையும் காத்திருப்பவையும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் இங்கே பிரித்துவிடலாம். யூட்டிலைசேஷன் என்பது பயன்பாடு, எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற சதவீதம். சாச்சுரேஷன் என்பது பயன்பாடு முழுதாகி அதற்கு மேலும் வேலை குவிவது. வேதியியல் பாடத்தில் படித்த ‘தெவிட்டிய கரைசல்’ இருப்பதால் இதைத் தெவிட்டல் என்றே சொல்லலாம். சுமைச் சராசரி இந்த இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்துத் தருகிறது, அதனால்தான் அதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடிவதில்லை.

இதற்கு லினக்ஸிலேயே ஒரு மாற்று வந்துவிட்டது. 2018 டிசம்பரில் வெளியான 4.20 கெர்னலில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் சேர்த்த ‘பிரஷர் ஸ்டால்’ தகவல். சிபியு, நினைவகம், டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொன்றிலும் கடைசி 10, 60, 300 நொடிகளில் எவ்வளவு சதவீத நேரம் வேலை தேங்கி நின்றது என்று இருக்கும். இதற்கு நான் எழுதுவது ‘தேக்க அழுத்தம்’. நினைவகத் தேக்கம் 20 சதவீதம் என்றால் கோர் எத்தனை என்று தேட வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஒரு புராசஸாவது நினைவகத்துக்காக நின்றிருக்கிறது.