வளிமண்டலம்

உடுமலைப் பக்கத்து எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ‘வளி’ என்று ஒருநாளும் தனியாகச் சொன்னதில்லை. வைகாசிக் கடைசியில் சோளத்தட்டுப் போர் சரசரக்க ஆரம்பித்தால், “மேகாத்து எறங்கீருச்சு கண்ணு, இனி மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுக்கும்” என்பார். மேகாத்து என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. அவருக்கு எல்லாமே காத்துதான். ஆனாலும் சூறாவளி என்ற சொல் அவர் வாயில் சாதாரணமாகப் புழங்கியது. சூறையும் வளியும் சேர்ந்ததுதானே அது? பாடப்புத்தகச் சொல் என்று நாம் நினைக்கும் வளி, ஊர்ப்பேச்சை விட்டுப் போகவே இல்லை.

வளி பழஞ்சொல். திருக்குறள் இந்த உலகை ‘வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்’ என்கிறது. காற்று உலவுகின்ற, வளமான, பெரிய உலகம். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் ‘வளிஇடை வழங்கா வானம்’ என்கிறார். காற்று ஊடே உலவாத வானம். வழங்குதல் என்றால் இங்கே உலவுதல். நிலத்தில் வளி உலவும். அந்த வானத்தில் உலவாது. இவை இரண்டுக்கும் நடுவே பூமியைப் போர்த்திக் கிடப்பதைத்தான் வளிமண்டலம் என்கிறோம். புலவருக்கு இன்றைய இயற்பியல் தெரியும் என்று சொல்ல வரவில்லை. இந்தப் போர்வைக்குப் பெயர் வைக்க வளியைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை என்கிறேன்.

மண்டலம் வடசொல், சங்கப் பாடல்களில் மண்டிலம். வட்டம் என்ற பொருள் விரிந்து நாட்டையும் குறித்தது, நம் கொங்கு மண்டலம்போல. ‘அட்மாஸ்பியர்’ கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கியது, ஆவிக்கோளம் என்று பொருள். ஆனால் அங்கே நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 விழுக்காடு, நீராவி கொஞ்சம்தான். வாயுமண்டலம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு வளிமண்டலமே பிடித்தம்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேர்வதற்குள் பலூன்போல உப்பிவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. கிலோமீட்டருக்குச் சராசரி 6.5 டிகிரி வீதம் குளிர்வதால், குன்னூரில் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். இத்தனையும் வளிமண்டலத்தின் முதல் அடுக்கான கீழடுக்கின் அடிப்பகுதியில் நடப்பவை. நம் தலைக்கு மேல் அது 16, 17 கிலோமீட்டர் வரை போகும். மேகம், மழை, மேகாத்து எல்லாம் அதற்குள்தான். அதற்கு மேலே ஓசோன் நிறைந்த மீளடுக்கு, பிறகு இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு.

எரிமலைகள் கக்கிய நீராவியும் கரியமில வாயுவும் மிகுந்திருந்த வளியில், நீலப்பச்சைப் பாசிகளின் தயவால் ஆக்சிஜன் தங்கத் தொடங்கிச் சுமார் 240 கோடி ஆண்டு ஆகிறது. கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்ட, ஆலைகள் வந்த பிறகான இந்த இரண்டரை நூற்றாண்டே போதுமானதாக இருந்தது. ஓசோன் ஓட்டை பற்றி 1985இல் தெரிந்ததும், 1987இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு எனக்கு அதுவே சாட்சி.

மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் குப்பைமேட்டுப் புகை தென்னை மட்டையின் உயரத்துக்கு மேலே ஏறாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த கனமான காற்று, அதன் மேல் மூடிபோட்டதுபோல் இளஞ்சூட்டுக் காற்று. வெயில் ஏறும்வரை அங்கே வளி வழங்காது. என் மகள் இன்ஹேலரைத் தேடுவது அந்த வேளையில்தான்.