சுர்குன்: குடிபெயர்வா, குடிபெயர்ப்பா?

கருங்கடல் தீபகற்பமான கிரிமியாவைத் தாயகமாகக் கொண்டு, துருக்கிய மொழி ஒன்றைப் பேசுபவர்கள் கிரிமியத் தத்தார்கள். 1944இல் சோவியத் அரசு தங்களை மொத்தமாக அங்கிருந்து வெளியேற்றியதை நினைத்து, ஆண்டுதோறும் மே 18 அன்று 'சுர்குன்லிக்' நினைவு நாளை அனுசரிக்கிறார்கள். தமிழில் இதை 'நாடுகடத்தல்' என்றோ 'இடப்பெயர்வு' என்றோ எழுதிவிடுகிறோம். இரண்டிலுமே ஏதோ இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க, சொல்லின் வேருக்குப் போக வேண்டும்.

'சுர்' என்பது துருக்கிய மொழிகளின் வினைவேர். ஓட்டுதல் என்று பொருள். துருக்கியில் ஆட்டுமந்தையை ஓட்டுவதும், நிலத்தை உழுவதும், கார் ஓட்டுவதும் இந்த ஒரே வினைதான். நாமும் மாடு ஓட்டுகிறோம், ஏர் ஓட்டுகிறோம், பஸ் ஓட்டுகிறோம். இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறதென்று யாரும் கிளம்ப வேண்டாம்; உழவும் மேய்ச்சலும் தெரிந்த மக்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'சுரு' என்றால் மந்தை. 'சுர்குன்' என்றால் ஊரை விட்டு ஓட்டப்படுவது, ஓட்டப்பட்டவர். கடைசியில் வரும் 'லிக்' நம் 'மை' விகுதி போல.

ஒட்டோமான் பேரரசில் இது அரசாங்க வழக்கு. 1453இல் கான்ஸ்டாண்டினோபிளைப் பிடித்த பிறகு, காலியாகக் கிடந்த நகரை நிரப்பப் பல ஊர்க் குடும்பங்களை ஆணையிட்டு அங்கே கொண்டுபோனார்கள். அதற்குப் பெயர் சுர்குன். ஆக, கிளப்புவதோடு, குறித்த இடத்தில் கொண்டுபோய் இருத்துவதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கிரிமியாவில் இது ஒரு தனி நிகழ்ச்சியின் பெயராகவே ஆனது 1944இல். இரண்டாம் உலகப் போரில் கிரிமியாவைப் பிடித்திருந்த ஜெர்மன் படை அங்கிருந்து விரட்டப்பட்டது அந்த மே மாதம்தான். போர் ஓய்ந்ததென்று மூச்சுவிடும் முன்பே, மே 11 அன்று ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணை வந்தது: ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்ததால் தத்தார்கள் அனைவரையும் வெளியேற்றி, உஸ்பெகிஸ்தானில் 'சிறப்புக் குடியேறிகளாக' நிரந்தரமாகத் தங்கவைக்க வேண்டும். சிலர் உடந்தையாக இருந்தது உண்மை. ஆனால் பல்லாயிரம் பேர் சோவியத்தின் செஞ்சேனையில் இருந்தார்கள். அவர்களும் போர் முடிந்து திரும்பியதும் குடும்பம் போன வழியிலேயே அனுப்பப்பட்டார்கள்.

குடும்பத்துக்கு 500 கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம், விட்டுப்போகும் கால்நடைக்கும் தானியத்துக்கும் ரசீது தரப்படும் என்று ஆணையில் இருந்தது. மே 18 விடியற்காலையில் கதவைத் தட்டிய படையினர் பல வீடுகளில் கொடுத்தது கால் மணி நேரம்தான். அதில் 500 கிலோவை எங்கே கட்டுவது! ஆண்கள் பலர் போர்முனையில் இருந்ததால், கிளம்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மூன்றே நாளில் 1,80,000க்கும் அதிகமானோரைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி முடித்தார்கள். வழியில் இறந்தவர்களைத் தண்டவாளத்து ஓரம் விட்டுவிட்டு ரயில் போய்க்கொண்டே இருந்தது. மந்தை ஓட்டும் சொல் இதற்கு ஏன் நிலைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் தத்தார்களின் தலைவரான முஸ்தபா ஜெமிலேவ் அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. அவர் வளர்ந்த உஸ்பெகிஸ்தானில், குறித்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் கண்காணிப்பு அதிகாரியான கமாண்டன்டிடம் அனுமதி வாங்க வேண்டும். தப்பினால் 20 ஆண்டு கடுந்தண்டனை என்று 1948இல் சட்டம் வந்தது. 1956இல் காவல் நீங்கியது, ஊர் திரும்பும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 1967இல் பழி நீக்கிய அரசாணைகூட அவர்களைக் கிரிமியத் தத்தார்கள் என்று சொல்லாமல், 'முன்பு கிரிமியாவில் வசித்த தத்தார்கள்' என்றது. ஊரோடு பேரும் போயிற்று. பலமுறை சிறை சென்று, ஒருமுறை 303 நாள் உண்ணாவிரதம் இருந்த ஜெமிலேவ், 1989இல்தான் கிரிமியா திரும்பினார். 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு, அவர் உள்ளே நுழையக் கூடாதென்று மறுபடி தடை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நாடுகடத்தல்' என்றால் நாட்டின் எல்லைக்கு வெளியே அனுப்புவது. இவர்கள் சோவியத் எல்லையைத் தாண்டவே இல்லை. 'இடப்பெயர்வு' தானாக நகர்வது போல ஒலிக்கிறது. 'வெளியேற்றம்' நல்ல சொல். வடக்கு முஸ்லிம்களுக்கு 1990இல் நேர்ந்ததை ஈழத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிறது, போய்ச் சேர்ந்த இடத்து அடைப்பைச் சொல்வதில்லை.

என் தேர்வு 'கட்டாயக் குடிபெயர்ப்பு'. பெயர்ந்தான் தன்வினை, பெயர்த்தான் பிறவினை. மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே 'பெயர்ப்பு'தான். குடியை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பது என்ற இரண்டு பாதியும் இதில் வந்துவிடுகிறது. பிறவினையே கட்டாயத்தைச் சொல்லும்போது 'கட்டாய' எதற்கு என்று கேட்கலாம். ப்பு, வு வித்தியாசத்தை அச்சில் கவனிக்காமல் தாண்டிவிடுவோரே அதிகம் என்பதால் இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியத்தில் 'குடிபெயர்ந்தார்கள்' என்று மட்டும் எழுத வேண்டாம். 'குடிபெயர்க்கப்பட்டார்கள்' என்றே எழுதலாம். 1944ஐக் குறிப்பாகச் சொல்லும் இடத்தில் 'சுர்குன்லிக்' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.